வீட்டுப் பூனையின் ஆயுள்

தமிழகத்தை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய குடும்பங்களுக்குப் பூனை வந்து சேரும் விதம் பெரும்பாலும் ஒன்றே. யாரும் அதனைத் தேடிச் சென்று விலைக்கு வாங்குவதில்லை. தில்லியின் மார்கழிக் குளிரில் மாடிப்படியின் அடியில் ஒரு குட்டி கத்துகிறது. மும்பையின் ஆடி மழையில் மூன்றாம் மாடி வரை ஏறி வந்து கதவருகே நனைந்து நிற்கிறது. கொல்கத்தாவில் மீன் விற்பவரின் பின்னே வந்தது, அவர் போன பின்னும் போக மறுக்கிறது. குழந்தைகள் ஒரு கிண்ணத்தில் பால் வைக்கிறார்கள். மறுநாள் அதற்கு ஒரு பெயர் கிடைத்துவிடுகிறது. பிறகு அது நம் வீட்டுப் பூனை.

அக்கம்பக்கத்தார் அதனைத் தத்தம் மொழியில் அழைக்கிறார்கள். ஹிந்தியில் அது பில்லி; மராத்தியில் மாஞ்சர்; கன்னடத்தில் பெக்கு; மலையாளத்தில் பூச்ச. பழந்தமிழில் பூசை என்று ஒரு பெயர் உண்டு. காட்டுப் பூனையை வெருகு என்பர். வங்காளத்தில் குழந்தைகளைக் காக்கும் சஷ்டி தேவிக்குப் பூனையே வாகனம். நம் பக்கத்திலோ, வெளியே புறப்படும் வேளையில் பூனை குறுக்கிட்டால் வீட்டுக்குள் திரும்பி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. சகுனத்தைக் குறித்து இங்கே நாம் வாதிடப் போவதில்லை. வந்து சேர்ந்த பூனை எத்தனை ஆண்டுகள் நம்முடன் இருக்கும், அந்த ஆண்டுகளை நோயின்றி நீட்டிக்க நம்மால் செய்யக் கூடியது என்ன என்பதே இன்றைய பொருள்.

தெருவில் அலையும் பூனை ஐந்தாறு ஆண்டுகளைக் காண்பதே அரிது. வீட்டினுள் வளர்வது 12 முதல் 18 ஆண்டு வரை வாழும்; இருபதை எட்டுவனவும் உண்டு. அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் 1967-இல் பிறந்த க்ரீம் பஃப் என்னும் பூனை 2005 வரை, அதாவது 38 ஆண்டும் 3 நாட்களும் வாழ்ந்து, உலகிலேயே நெடுநாள் வாழ்ந்த பூனையெனக் கின்னஸ் ஏட்டில் இடம் பெற்றது. அது விதிவிலக்கு. ஆயினும் பூனையின் ஆயுள் ஐந்தோ ஆறோ என்று எண்ணி, அது இறந்ததும் "அதன் காலம் அவ்வளவுதான்" என்று ஆறுதல் கொள்ளும் வழக்கம் தவறு என்பதற்கு அது சான்று. முதல் ஆண்டு முடிந்த பூனையை 15 வயதுப் பிள்ளையாகவும், இரண்டு முடிந்ததை 24 வயது வாலிபனாகவும், அதற்குமேல் ஒவ்வோராண்டையும் நான்காகவும் கணக்கிடுவது கால்நடை மருத்துவர்களின் வழக்கம். இக்கணக்கின்படி ஆறு வயதுப் பூனை நாற்பது வயதுக் குடும்பஸ்தன். அந்த வயதில் அது சாவது இயல்பான முடிவன்று.

பூனையின் உடலை அறிந்துகொள்ள அதன் பூர்விகத்தைச் சற்றே நோக்க வேண்டும். நம் வீட்டுப் பூனை, வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வாழும் காட்டுப் பூனையின் வழிவந்தது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே மனிதன் தானியம் விளைவிக்கத் தொடங்கினான். தானியத்தை நாடி எலி வந்தது. எலியை நாடிப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு புதைகுழியில் மனிதனின் எலும்புக்கூட்டை அடுத்துப் பூனையின் எலும்புக்கூடும் கிடைத்ததாக 2004-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அத்தீவில் பூனை இயற்கையாக இருந்ததில்லை. யாரோ ஒருவர் அதனைப் படகில் ஏற்றிக் கொண்டு போயிருக்க வேண்டும்.

இந்த வரலாற்றிலிருந்து நமக்கு இரண்டு செய்திகள் தேவை. ஒன்று, பூனை வறண்ட நிலத்துப் பிராணி. தாகம் அதற்குக் குறைவு. மற்றொன்று, அது முழுக்க முழுக்க ஊன் உண்ணும் பிராணி. நாய் பல்லாயிரம் ஆண்டு நம் எச்சிற் சோற்றைத் தின்று அதற்கேற்ப வயிற்றை மாற்றிக்கொண்டது. பூனை மாற்றிக்கொள்ளவில்லை.

இங்கேதான் நம் இல்லங்களில் சங்கடம் பிறக்கிறது. பூனை என்றதும் பால் என்று நினைப்பது நம் மரபு. கம்பர் தம் காப்பியத்தின் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையைத் தமக்கு உவமையாகச் சொன்னார். கவியின் பணிவுக்கு அவ்வுவமை பொருந்தும்; பூனையின் குடலுக்குப் பொருந்தாது. தாய்ப்பால் மறந்த பின் பெரும்பாலான பூனைகளின் உடலில் பாற்சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுகிறது. பால் குடித்த பூனைக்கு வயிறு இளகுவது அதனாலேயே. வயிற்றுப்போக்கு கண்ட குட்டி ஒரே நாளில் நீர் வற்றி மாண்டுபோகக் கூடும். ஆதலின், தெருவிலிருந்து எடுத்த சின்னஞ்சிறு குட்டிக்குப் பசும்பால் ஊற்றுவதைவிட, பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்மாவைக் கரைத்துப் புகட்டுவது நலம்.

பாலிலிருந்து நாம் போவது தயிர்ச்சோற்றுக்கு. சைவ உணவுக் குடும்பத்தில் பூனைக்கு வேறென்ன இருக்கிறது? எங்கள் வீட்டிலும் பல ஆண்டுகள் அதுதான் நடந்தது. பூனை தயிர்ச்சோற்றை விருப்பத்தோடு தின்றது. தின்கிறதே, ஆகையால் அது போதும் என்று முடிவு கட்டினோம். உண்மையில் அது விரும்பியது தயிரின் கொழுப்பையும் மணத்தையும். பாயசக் கிண்ணத்தை நக்கும் பூனையும் இனிப்புக்காக நக்கவில்லை. இனிப்பை உணரும் சுவையுறுப்பு பூனைக்கு வேலை செய்வதில்லை என்று 2005-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதன் மரபணுவிலேயே கண்டார்கள்.

தயிர்ச்சோற்றில் இல்லாதது டாரின் என்னும் சத்து. மனித உடல் இதனைத் தானே ஆக்கிக்கொள்கிறது. பூனையின் உடல் போதிய அளவு ஆக்க மாட்டாது; ஊனிலிருந்தே பெற்றாக வேண்டும். தாவரங்களில் அது இல்லையென்றே சொல்லலாம். டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை நலிந்து பார்வை மங்குகிறது என்பது 1975-இல் தெரியவந்தது. இதயம் விரிந்து, தசை தளர்ந்து, இரத்தத்தை இறைக்கும் வலுவை இழக்கிறது என்பதைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பணியாற்றிய மருத்துவர் பால் பியான் தம் குழுவினருடன் 1987-இல் வெளியிட்டார். அதுவரை காரணம் தெரியாமல் பூனைகளைக் கொன்றுவந்த நோய், உணவில் டாரின் சேர்த்ததும் பலவற்றில் குணமாயிற்று. அதன் பின்னர் டப்பாவில் வரும் பூனை உணவுகளில் இச்சத்தை மிகுத்துச் சேர்க்கலானார்கள். அந்த இதயநோயும் அரிதாயிற்று. கேரட்டிலும் கீரையிலும் உள்ள மஞ்சள் நிறச் சத்தை வைட்டமின் ஏ ஆக மாற்றும் ஆற்றலும் பூனைக்கு இல்லை. ஆகவே, டாரின் மாத்திரையைத் தயிர்ச்சோற்றில் பொடித்துப் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று எண்ணவும் இடமில்லை.

இதனை வீட்டில் சொன்னபோது எங்கள் அன்னையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இத்தனை வருஷம் இந்த அடுப்பில் முட்டைகூட வேகவில்லை. ஒரு பூனைக்காக மீன் வேகணுமா?" என்று கேட்டார். அது வீண் பிடிவாதமன்று. ஊரை விட்டு இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து, மொழியும் பருவமும் மாறிய இடத்தில், தம் வீடு தம் வீடாகவே இருக்கிறது என்பதற்கு அவருக்கு இருந்த அடையாளங்களுள் அந்த அடுப்பும் ஒன்று. அதே சமயம், கொலை கூடாதென்று எண்ணும் வீட்டில் ஒரு ஜீவன் சத்துக் குறைவால் மெல்ல மெல்லக் குருடாவதும் கூடாததே. முடிவில் நாங்கள் கண்ட வழி எளியது. பூனைக்கென்றே தயாரித்த உலர் தீனியையும், பொட்டலத்தில் வரும் ஈரத் தீனியையும் வாங்கி, பால்கனியில் ஒரு மூடி போட்ட டப்பாவில் வைத்தோம். சமையலறைக்குள் அது வருவதில்லை. தட்டைத் தனியே கழுவுகிறோம். அன்னையார் ஒரு மாதம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. இரண்டாம் மாதம், "மணி ஏழாச்சே, அதுக்கு வைத்தாயிற்றா?" என்று கேட்டவர் அவர்தாம்.

தீனிப் பொட்டலத்தை வாங்கும்போது, அது முழுமையான உணவு என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தின்பண்டமாக மட்டும் விற்பவை வேறு. நான்கு கிலோ எடையுள்ள வளர்ந்த பூனைக்கு நாளொன்றுக்கு உலர் தீனி ஏறத்தாழ 50 முதல் 60 கிராம் போதும். கிண்ணத்தை நிறைத்து வைத்துவிட்டு அலுவலகம் போவது பூனையைக் கொழுக்க வைக்கும் வழி. கொழுத்த பூனைக்கு நீரிழிவு வரும். அசைவ உணவுக் குடும்பத்தார் தம் பூனைக்கு மீனும் கோழியும் கிடைக்கின்றன, ஆகையால் கவலையில்லை என்று இருந்துவிடக் கூடாது. பச்சை மீன் சிலவற்றில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் பொருள் உண்டு. எலும்பில்லாத கறி மட்டும் தின்றால் சுண்ணாம்புச் சத்துக் குறையும். ஈரலே தினமும் தின்றால் வைட்டமின் ஏ மிகுந்து முதுகெலும்பு இறுகும். கறியை வேகவைத்தால் டாரின் நீரில் இறங்கிவிடுமாதலால், வெந்த நீரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். குழம்பில் வெந்த துண்டு வேண்டாம். அதற்குக் காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறோம்.

இனித் தண்ணீர். பாலைவனத்துப் பூனை தான் தின்ற எலியின் உடலில் உள்ள நீரைக் கொண்டே தாகம் தீர்த்துக்கொண்டது. உலர் தீனி தின்னும் நம் பூனைக்கோ அந்த நீர் இல்லை. தாகமோ பழைய அளவுதான். சிறுநீர் கெட்டிப்பட்டு, அதில் மணல் போன்ற படிகங்கள் உண்டாகின்றன. பெண் பூனைக்கு நீர்க்குழாய் அகலம். ஆண் பூனைக்கு அது மிகக் குறுகல். அங்கே அடைத்துக்கொண்டால், ஓரிரு நாட்களுக்குள் உயிர் போய்விடும்.

எங்கள் வீட்டின் முதல் பூனை அவ்வாறே போயிற்று. அது கறுப்பு நிறத்து ஆண் பூனை; ஐந்து வயது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை அது தன் மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்கியது. மலச்சிக்கல் என்று நினைத்தோம். அடுத்த வீட்டார் சொன்னபடி ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் கொடுத்தோம். சனிக்கிழமை அது கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. ஞாயிறு மருத்துவமனை மூடியிருக்கும், திங்கட்கிழமை பார்க்கலாம் என்றிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அது இறந்துகிடந்தது. ஆண் பூனை தட்டில் அடிக்கடி அமர்ந்தும் சிறுநீர் வரவில்லையானால், அல்லது சொட்டுச் சொட்டாக இரத்தம் கலந்து வந்தால், விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. அந்நேரமே வண்டி பிடிக்க வேண்டும். மருத்துவர் மெல்லிய குழாயைச் செலுத்தி அடைப்பை நீக்குவார். நேரத்தில் கொண்டு சென்றவை பெரும்பாலும் பிழைக்கின்றன.

அடைப்பு வராமல் தடுக்க நீர்தான் மருந்து. நான்கு கிலோப் பூனைக்கு உணவில் உள்ளதையும் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 200 மில்லிலிட்டர் நீர் வேண்டும். தீனித் தட்டின் பக்கத்திலேயே வைத்த நீரைப் பல பூனைகள் தொடுவதில்லை. வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் அகன்ற கிண்ணங்களில் நீர் வையுங்கள். காலை மாலை மாற்றுங்கள். ஈரத் தீனியோடு இரண்டு கரண்டி வெந்நீர் கலந்து கொடுங்கள். தில்லி, நாகபுரி போன்ற ஊர்களின் சித்திரை வைகாசி வெயிலில் மண் சட்டியில் வைத்த குளிர்ந்த நீரைப் பூனை விரும்பிக் குடிக்கக் கண்டிருக்கிறோம்.

அடுத்தது நஞ்சு. வெளியிலிருந்து எதிரி ஊற்றும் நஞ்சைக் குறித்து நாம் பேசவில்லை. நம் அலமாரியில் இருப்பதைக் குறித்தே பேசுகிறோம். காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். அம்மருந்தைச் செரித்து வெளியேற்றும் ஆற்றல் அதன் ஈரலுக்கு இல்லை. இரத்தம் உயிர்வளியைச் சுமக்க மாட்டாமற் போகிறது, ஈறு பழுப்பேறுகிறது, முகமும் பாதமும் வீங்குகின்றன. உடம்பு சுடுகிறதே என்று அன்பினால் கால் மாத்திரை கொடுத்துப் பூனையை இழந்தவர்கள் உண்டு. தவறிக் கொடுத்துவிட்டால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் அதனைச் சொல்லிவிட வேண்டும். மாற்று மருந்து இருக்கிறது, ஆனால் சில மணி நேரத்துக்குள் சேர வேண்டும்.

நம் வீடுகளில் தரையைத் துடைக்கும் பினாயிலும் இதே வகையைச் சேர்ந்தது. ஈரத் தரையில் நடந்த பூனை, பிறகு உட்கார்ந்து தன் பாதத்தை நக்குகிறது, அதுவே வாசல். பூனை உள்ள வீட்டில் பினாயிலை விட்டுவிடுவது மேல். சவுக்கார நீர் போதும். துணிப் பெட்டியில் போடும் அந்துருண்டையும் ஆகாது. நாய்க்கு உண்ணிக்காகத் தடவும் மருந்துகளுள் பெர்மெத்ரின் கலந்தவை பூனைக்கு வலிப்பை உண்டாக்கிக் கொல்லும். இரண்டையும் வளர்ப்போர் புட்டியின் எழுத்தைப் படித்துவிட்டே தொட வேண்டும். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களை உடைக்கும். சின்ன வெங்காயச் சாம்பாரும் மீன் குழம்பும் பூனைக்கு ஆகாதென்று மேலே குறித்ததன் காரணம் இதுவே. மலர்க்கொத்துகளில் வரும் லில்லிப் பூவோ இன்னும் கொடிது. அதன் மகரந்தம் உடலில் பட்டு நக்கினாலும், பூச்சாடியின் நீரைக் குடித்தாலும் சிறுநீரகம் கெட்டுவிடும். நம் குளத்து அல்லியும் தாமரையும் அவ்வினத்தைச் சேர்ந்தவையல்ல. பிறந்தநாளுக்கு யாரேனும் அத்தகைய கொத்தைக் கொண்டுவந்தால் நன்றி சொல்லி வாங்கி, அப்படியே அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம்.

நம் பெண்டிர் கவனிக்க வேண்டியது பூச்சரம். வாடிய மல்லிகைச் சரத்தின் நூலை இழுத்து விளையாடும் பூனை அதனை விழுங்கியும் விடும். அதன் நாக்கு முழுவதும் பின்னோக்கிய முட்கள். நாக்கில் சிக்கிய நூலைத் துப்ப இயலாது. நூல் குடலில் இறங்கிக் குடலைச் சுருக்குப் பைபோல் இழுத்து அறுத்துவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் நுனி தெரிந்தால் இழுத்துவிடாதீர்கள், உள்ளே அறுக்கும். மருத்துவரிடம் போங்கள். ஊசி, ரப்பர் வளையம், பொம்மைக் கொலு மேடையின் ஜிகினா நூல் ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை.

மாடி வீட்டைப் பற்றி ஒரு சொல். பூனை எந்த உயரத்திலிருந்து விழுந்தாலும் காலூன்றி நிற்கும் என்பார்கள். நியூயார்க் நகரில் கட்டடங்களிலிருந்து விழுந்து மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளைக் குறித்து 1987-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சிகிச்சை பெற்றவற்றுள் பத்தில் ஒன்பது பிழைத்தன. இதனைக் கேட்டு மகிழ்வதற்குமுன், விழுந்த இடத்திலேயே மாண்டவற்றை யாரும் மருத்துவமனைக்குத் தூக்கி வரவில்லை என்பதை நினைக்க வேண்டும். பிழைத்தவையும் தாடை பிளந்து, நெஞ்சு நசுங்கி வந்தவையே பல. புறாவுக்குக் கட்டும் வலையைப் பால்கனிக்கும் ஜன்னலுக்கும் இழுத்துக் கட்டிவிட்டால் தீர்ந்தது. குளிர் மிகுந்த ஊர்களில் வெளியே போகும் பூனை, சூட்டை நாடி மோட்டார் வண்டியின் இயந்திரத்துக்குள் ஏறிப் படுப்பதும் உண்டு. காலையில் வண்டியைக் கிளப்புமுன் மூடியை இரண்டு தட்டுத் தட்டுவது நல்லது.

தடுப்பூசி விஷயத்தில் தயக்கம் வேண்டாம். பூனைகளுக்கு வரும் கொடிய கழிச்சல் நோய்க்கும், இருவகைச் சளிக் காய்ச்சலுக்குமாகச் சேர்த்து ஓர் ஊசி இருக்கிறது. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களுக்கொரு முறையாகப் பதினாறாம் வாரம் வரை போட்டு, ஓராண்டு நிறைவில் மறுபடி போடுவார்கள். அதற்குமேல் எத்தனை ஆண்டுக்கொரு முறை என்பதை மருத்துவர் சொல்வார். வெறிநோய்த் தடுப்பூசி தனி. அது பன்னிரண்டு வாரம் ஆனபின். பிறகு நம் நாட்டில் ஆண்டுதோறும். வெறிநோய் நாய்க்கு மட்டும் உரியது என்று நினைப்போர் இன்னும் இருக்கின்றனர். பூனைக்கும் வரும், பூனையிடமிருந்து மனிதருக்கும் வரும். தெருப் பூனையோ ஊசி போடாத பூனையோ கடித்தால், பிறாண்டினால், காயத்தைச் சவுக்காரமும் ஓடும் நீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடித்தவர்களைக் குன்னூருக்கு அனுப்பிய காலத்தை நம் பெரியோர்கள் சொல்வார்கள். அங்கே 1907-இல் நிறுவிய பாஸ்டர் நிலையத்தை அறியாத தமிழர் குறைவு. தொப்புளைச் சுற்றிப் போட்ட பழைய ஊசி 2005-ஆம் ஆண்டோடு நாட்டில் கைவிடப்பட்டது. இன்று தோளில் சில ஊசிகள்தாம். அந்தப் பழைய அச்சத்தால் இன்று ஊசியைத் தவிர்ப்பவர் தம் உயிரைப் பணயம் வைக்கிறார்.

இனவிருத்தியை நிறுத்தும் அறுவைச் சிகிச்சையைப் பாவம் என்று கருதுவோர்க்கு ஒரு கணக்குச் சொல்கிறோம். பெட்டைப் பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினையாகும். சினைக்காலம் ஒன்பது வாரம். ஒரே ஆண்டில் இருமுறை ஈன்று, ஈற்றுக்கு நான்கு குட்டி என்று கொண்டாலும் எட்டு. அவற்றை எங்கே விடுவது? மேலும், முதற் பருவத்துக்கு முன்பே சிகிச்சை செய்த பெட்டைக்கு மார்பகப் புற்றுநோய் வெகுவாகக் குறைகிறது; பூனைக்கு வரும் அக்கட்டிகளுள் பெரும்பாலானவை உயிர்கொல்லிகள். ஆண் பூனையோ ஊர் சுற்றுவதையும் சண்டையிடுவதையும் விட்டு வீட்டில் தங்கும்.

மருமகள் கருவுற்றாள் என்ற செய்தி ஊருக்குப் போனதும், "முதலில் அந்தப் பூனையைத் துரத்து" என்று அங்கிருந்து தொலைபேசி வரும். இதில் உண்மை ஒரு பங்கு இருக்கிறது. டாக்ஸோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் பூனையின் மலத்தில் வெளியேறக் கூடும். கருவிலுள்ள குழந்தைக்கு அது தீங்கு. ஆனால் மலத்தில் வெளிப்பட்டபின் அது தொற்றும் நிலையை அடைய ஒன்று முதல் ஐந்து நாட்கள் ஆகின்றன. மணல் தட்டை நாள்தோறும் வேறொருவர் சுத்தம் செய்தால் போதும். வீட்டை விட்டு வெளியே போகாமல், பச்சைக் கறி தின்னாமல் வளரும் பூனைக்கு அந்நுண்ணுயிர் வருவதே அரிது. கழுவாத கீரையிலும் சரியாக வேகாத இறைச்சியிலும் உள்ள அபாயம் அதனினும் பெரிது. கணவன்மார் மணல் தட்டை ஏற்றுக்கொள்ள ஒன்பது மாதம் நல்ல பயிற்சிக் காலம் என்பது எங்கள் தனிப்பட்ட கருத்து.

பத்து வயதுக்குமேல் பூனையை வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். பூனை தன் நோயை மறைக்கும் பிராணி. காட்டில் நோயைக் காட்டினால் பெரிய விலங்குக்கு இரையாவோம் என்ற பழைய பாடம் அதற்கு மறக்கவில்லை. ஆதலால் அழுகையை எதிர்பார்க்காமல் அளவைப் பார்க்க வேண்டும். சிறுநீரகம் தளர்வது முதிய பூனைகளில் மிகப் பரவலான நோய். நீர் அதிகம் குடிக்கும், தட்டில் ஈரக் கட்டிகள் பெருகும், எடை குறையும். பசி மிகுந்தும் எடை குறைந்தால் தைராய்டுச் சுரப்பி மிகையாகச் சுரக்கிறது என்று ஐயுறலாம். வாய் நாற்றம் பல்நோயின் அறிகுறி. உயரத்தில் தாவாமல் நின்றுவிட்டால் வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். அது மூட்டு வலியாக இருக்கும். இவை எல்லாவற்றுக்கும் சிகிச்சை உண்டு. பூனையின் இயல்பான உடல் வெப்பம் 100.5 முதல் 102.5 பாரன்ஹீட் டிகிரி வரை. நம் கைக்கு அது எப்போதும் சுடும், அதனால் காய்ச்சலென்று அஞ்ச வேண்டாம். ஆனால் நாயைப்போல் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அஞ்ச வேண்டும். இரண்டு நாள் எதுவும் தின்னவில்லையென்றாலும் அப்படியே. கொழுத்த பூனை பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்புச் சேர்ந்து அதுவே தனி நோயாகும்.

மருத்துவரைத் தேடுவது புதிய ஊரில் தொல்லைதான். தெருமுனை மருத்துவரிடம் ஆகும் செலவுக்கு அஞ்சுவோர் அரசினரின் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடலாம். மும்பையில் பரேல், கொல்கத்தாவில் பெல்காச்சியா, பெங்களூரில் ஹெப்பால் ஆகிய இடங்களில் அத்தகைய கல்லூரிகள் இருக்கின்றன. காத்திருக்க நேரும், ஒரு கூடையும் அதை மூட ஒரு பழந்துணியும் கொண்டு போங்கள்.

கடைசியாக, ஊருக்குப் போகும் விஷயம். கோடை விடுமுறையில் ஒரு மாதம் நாம் தமிழகம் போய்விட்டால் பூனை என்ன செய்யும்? இரயிலில் கொண்டுபோக இயலும். முதல் வகுப்புக் குளிர்சாதனத் தனியறையை முழுவதும் நாமே எடுத்துக்கொண்டு, பார்சல் அலுவலகத்தில் கட்டணம் செலுத்த வேண்டும். விதிகளை முன்கூட்டியே அங்கே கேட்டறிவது அவசியம். எங்கள் அனுபவத்தில் பூனைக்கு இரண்டு நாள் இரயில் பயணம் தண்டனையே. அது மனிதரைவிட இடத்தைப் பற்றிக்கொள்ளும் பிராணி. வீட்டிலேயே விட்டு, காலையும் மாலையும் வந்து பார்க்க நம்பிக்கையான ஒருவரிடம் சாவி கொடுப்பதே நலம். நாம் உடுத்திய பழைய புடவை ஒன்றை அது படுக்குமிடத்தில் விட்டுப்போனால் அமைதியாக இருக்கும். எவ்வளவு தின்றது, சிறுநீர் கழித்ததா, எடை எவ்வளவு என்ற மூன்றையும் எழுதி வைக்கும்படி ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கொடுத்துவிட வேண்டும்.

எங்கள் இரண்டாவது பூனைக்கு இப்போது பதினாறு வயது. அது தெருவிலிருந்து வந்த சாம்பல் நிறப் பெட்டை. இடக்கண்ணில் சற்றுப் பார்வை குறைவு, சிறுநீரகத்துக்குத் தனித் தீனி. நாங்கள் மாயவரம் போகும்போதெல்லாம் அடுத்த வீட்டு வங்காள அம்மையார் அதனைப் பார்த்துக்கொள்கிறார். முதல் முறை திரும்பி வந்து நோட்டைப் பிரித்தபோது எடையெல்லாம் வங்காள எண்களில் இருந்தது. அவரை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். இப்போது எங்கள் அன்னையாரே அந்த எண்களைப் படித்துவிடுகிறார்.